பல காலுடைய ஒரு சொல்

மூக்கு, குரல்நாண், கருப்பை, பித்தப்பை, பெருங்குடல் என உடலின் எந்தப் பகுதியைப் பற்றிய மருத்துவ அறிக்கையிலும் 'பாலிப்' என்னும் சொல் வரக்கூடும். தமிழ்ப் பேச்சுவழக்கு அதனைச் 'சதை வளர்ந்திருக்கிறது' என்று சொல்லிவிடுகிறது. இரண்டு வழக்குகளும் கண்ணுக்குத் தெரிவதை மட்டுமே கூறுகின்றன: ஈரமான உட்படலத்திலிருந்து காம்பு விட்டோ, அகன்ற அடியுடனோ, உறுப்பின் உட்குழிவை நோக்கி நீண்டிருக்கும் ஒரு புடைப்பு. அது எதனால் ஆனது, ஏன் வளர்ந்தது, விட்டுவைத்தால் என்ன ஆகும் என்னும் வினாக்களுக்கு அச்சொல்லில் விடை இல்லை. அந்த விடையை மருத்துவம் உறுப்புதோறும் தனித்தனியே தேடவேண்டியிருந்தது. ஒரு பெயரின் கீழ் வந்தவையெல்லாம் ஒரே பொருள் என்று கொண்ட காலங்களில் அத்தேடல் தடுமாறியது.

கிரேக்க மொழியில் 'பொலூபூஸ்' என்றால் பல காலுடையது என்று பொருள். அது ஆக்டோபஸுக்கு வழங்கிய பெயர். மூக்கினுள் வளரும் வழவழப்பான சதைக்கும் கிரேக்கர் அப்பெயரையே இட்டனர். ஹிப்போக்ரடீஸின் பெயரால் வழங்கும் நூல்தொகுதியில் 'நோய்கள்' என்னும் நூலின் இரண்டாம் பகுதி மூக்குப் பாலிப்பை ஐந்து வகையாகப் பிரித்துச் சிகிச்சை கூறுகிறது. அவற்றுள் ஒன்றுக்குக் கடற்பஞ்சை உருண்டையாக்கி நூலால் இறுகக் கட்ட வேண்டும். நூலின் முனைகளை மூக்கின் வழியே செலுத்தி வாய்வழியாக வெளியே எடுத்து, பஞ்சு சதையை அறுத்துக்கொண்டு வரும்படி இழுக்க வேண்டும். வேறு சிலவற்றுக்குச் சுருக்கும், பழுக்கக் காய்ச்சிய இரும்பும் சொல்லப்படுகின்றன. மயக்க மருந்து அறியாத காலம் அது என்பதை நினைவிற்கொண்டு படிக்க வேண்டிய பகுதி. பெயர் ஒன்றாயினும் கட்டியின் தன்மைக்கேற்பக் கருவியை மாற்றிய மருத்துவன் அங்கே தெரிகிறான்.

இந்திய மரபு கடலுயிரியை நாடவில்லை. சுசுருத சம்ஹிதையின் நிதானஸ்தானம் மூலநோய்க்குரிய 'அர்சஸ்' என்னும் சொல்லையே விரித்து, பிறப்புறுப்பு, கொப்பூழ், காது, கண், மூக்கு, வாய் ஆகிய இடங்களில் எழும் சதைக்கும் வழங்குகிறது. மூக்கில் தோன்றுவதன் குறிகளாக அது கூறுபவை நீர்க்கோவை, மிகுந்த தும்மல், மூச்சுத்திணறல், துர்நாற்றம், தலைவலி. இவற்றோடு பேச்சில் மூக்கொலி ஏறுதலும் ஒன்று. 'சானுநாசிகம்' என்ற இலக்கணக் கலைச்சொல்லே அங்கே நோய்க்குறியாகப் பயன்படுகிறது. ஒலியியல் நோக்கில் இங்கு ஒரு சிக்கல் உண்டு. மூக்கடைத்தவர் பேச்சில் மூக்கொலி கூடுவதில்லை, குறைகிறது. மகரம் பகரத்தை நோக்கிச் சாய்கிறது. மெல்லெழுத்துகளுக்கு மூக்கின் வளி வேண்டும் என்று தொல்காப்பியப் பிறப்பியல் கூறுவதும் இதனோடு இயைவதே. ஆயினும் அடைபட்ட குரலை 'மூக்கால் பேசுதல்' என்று சொல்லும் வழக்கம் இன்றும் மாறவில்லை. சுசுருதம் பதிவுசெய்திருப்பது கேட்போர் செவியின் தீர்ப்பு.

அரபு மருத்துவமும் இதே தடத்தில் சென்றது. இன்றைய யுனானி மருத்துவர்கள் மூக்குப் பாலிப்பை 'பவாசீர்-உல்-அன்ஃப்' என்கின்றனர். மூக்கின் மூலம் என்பது அதன் நேர்ப்பொருள். ஆக, இந்தியாவில் வழங்கிய இரண்டு பெரிய ஏட்டு மருத்துவ மரபுகள் மலவாயில் கண்டதைக் கொண்டு மூக்கிற்குப் பெயரிட்டன. கிரேக்க வழிவந்த மரபோ மூக்கில் கண்டதற்கு இட்ட பெயரைப் பிற்காலத்தில் குடலுக்கும் கருப்பைக்கும் கொண்டுசென்றது. திசை எதிரெதிரானது, செய்கை ஒன்றே.

இந்தப் பெயர் விரிவை முன்னோர் எல்லாரும் ஏற்கவில்லை என்பதற்குச் சரக சம்ஹிதை சான்று. அதன் சிகிச்சாஸ்தானத்தில் அர்சஸ் பற்றிய பகுதி, சிலர் தொண்டை, அண்ணம், மூக்கு, காது, இமை, தோல் ஆகிய இடங்களையும் அர்சஸின் இடங்களாகக் கூறுவர் என்று குறிப்பிடுகிறது. அடுத்து, அவை 'அதிமாம்சம்', அதாவது மிகைத்தசை மட்டுமே என்றும், இந்நூலில் அர்சஸ் என்னும் பெயர் மலவாயின் மடிப்புகளில் எழுவனவற்றுக்கே உரியது என்றும் வரையறுக்கிறது. வடிவ ஒற்றுமைக்கு ஒரு பெயர், நோய்க்கு இன்னொரு பெயர் என்ற இந்தப் பிரிப்பு சொற்பொருளியல் மாணவர் எவரையும் ஈர்க்கும். ஆனால் பிற்கால நூல்களில் விரிந்த வழக்கே நிலைத்தது. மருந்து, காரம், சூடு, கத்தி என்னும் நான்கு சிகிச்சைகளும் இடம் எதுவாயினும் கைகொடுத்தன. அதனால் பெயரைப் பிரித்துப் பார்க்கும் தேவை நடைமுறையில் எழவில்லை போலும்.

ஐரோப்பாவில் 18ஆம் நூற்றாண்டு இச்சொல்லுக்கு இன்னொரு வாழ்வைத் தந்தது. 1740இல் ஆபிரகாம் டிரெம்பிளே நெதர்லாந்தின் குளநீரில் கண்ட சிறு உயிர், வெட்டினால் ஒவ்வொரு துண்டும் முழு உயிராக வளர்ந்தது. ரெயோமூர் அதற்கு இட்ட பெயரும் 'பாலிப்' தான். இன்று ஹைட்ரா என்று அறியப்படும் அவ்வுயிரின் வழியாகத்தான் அச்சொல் நம் விலங்கியல் பாடநூல்களில் மெடூசாவுடன் இணைந்து நிற்கிறது. வெட்ட வெட்ட வளரும் உயிருக்கும், அகற்ற அகற்ற மீண்டும் தோன்றும் மூக்குச் சதைக்கும் பெயர் ஒன்றாக அமைந்தது தற்செயலே. 1749இல் ஆந்த்ரே லெவ்ரே என்னும் பிரெஞ்சு மகப்பேற்று மருத்துவர் கருப்பை, தொண்டை, மூக்கு ஆகிய மூன்றின் பாலிப்புகளுக்கும் ஒரே நூலில் சிகிச்சை எழுதினார். கருவி எட்டும் இடங்கள் அனைத்தும் ஒரு நூலில் அடங்கின.

கருவி எட்டாத இடங்களைக் காண்பதற்கு ஒளி தேவைப்பட்டது. இதில் முதல் அடி வைத்தவர் மருத்துவர் அல்லர், இசை ஆசிரியர். மானுவேல் கார்சியா 1854இல் பல் மருத்துவரின் சிறு கண்ணாடியையும் ஒரு கைக்கண்ணாடியையும் கொண்டு, சூரிய ஒளியில் தம் குரல்வளையைத் தாமே கண்டார். அதைப் பற்றிய அவரது கட்டுரை அடுத்த ஆண்டு லண்டன் ராயல் சொசைட்டியில் படிக்கப்பட்டது. 1861இல் டூபிங்கன் நகரின் அறுவை மருத்துவர் விக்டர் ஃபான் புரூன்ஸ், கழுத்தைத் திறக்காமல், கண்ணாடியில் பார்த்தபடியே ஒருவரின் குரல்வளைப் பாலிப்பை வாய்வழியாக அகற்றினார். அந்த நோயாளி அவருடைய சகோதரர். தொண்டையை மரத்துப்போகச் செய்யும் கோகெய்ன் பயன்பாட்டிற்கு வர இன்னும் இருபது ஆண்டுகளுக்கு மேல் இருந்தன. கருவி தீண்டும்போது குமட்டாதிருக்க அவர் வாரக்கணக்கில் பழக வேண்டியிருந்தது. கருப்பைக்குள் முதன்முதலாகக் குழாய்க்கருவியால் நோக்கிய பாந்தலியோனி 1869இல் கண்டதும் ஒரு பாலிப்பே. மாதவிடாய் நின்ற பின் இரத்தப்போக்குக்கு உள்ளான பெண்ணுக்கு அதை வெள்ளி நைட்ரேட்டால் சுட்டார்.

பார்க்க முடிந்தது, ஆனால் பார்வை போதவில்லை. இதற்குப் பெருஞ்சான்று ஜெர்மனியின் பட்டத்து இளவரசர் பிரீட்ரிக்கின் தொண்டை. 1887இன் தொடக்கத்தில் அவருக்குக் குரல் கம்மியது. பெர்லின் பேராசிரியர் கெர்ஹார்ட் இடது குரல்நாணில் ஒரு சிறு புடைப்பைக் கண்டார். கம்பிச் சுருக்கால் எடுக்க முயன்றார்; இயலாதபோது மின்சூட்டினால் பலமுறை கருக்கினார். அது மீண்டும் வளர்ந்தது. அறுவை மருத்துவர் பெர்க்மான் குரல்வளையைத் திறந்து அகற்றலாம் என்றார். அப்போது லண்டனிலிருந்து மொரெல் மெக்கன்சி அழைக்கப்பட்டார். திசுவைப் பார்க்காமல் புற்று என்று கொள்ளலாகாது என்பது அவர் நிலைப்பாடு. அவர் கிள்ளியெடுத்த துணுக்குகளை நுண்ணோக்கியில் ஆராய்ந்தவர் உயிரணு நோயியலின் தந்தை ருடால்ஃப் விர்ஹோ. அவற்றில் புற்று இல்லை என்று விர்ஹோ எழுதினார். எடுக்கப்படாத பகுதியைப் பற்றி அத்துணுக்கைக் கொண்டு முடிவு சொல்ல இயலாது என்பதையும் அவர் எழுதத் தவறவில்லை.

அந்தப் பிற்பகுதியை அரசவையும் செய்தித்தாள்களும் கேட்க விரும்பவில்லை. அறுவை தள்ளிப்போனது. நவம்பரில் சான் ரெமோவில் புற்று என்பது உறுதியாயிற்று. 1888 பிப்ரவரியில் மூச்சுக்குழாயில் துளையிட நேர்ந்தது. மார்ச் மாதம் பேரரசரான பிரீட்ரிக் 99 நாள் ஆண்டு, ஜூன் 15 அன்று இறந்தார். அவர் வாழ்ந்திருந்தால் உலகப்போரே நிகழ்ந்திராது என்று எழுதுவோர் உண்டு. அது வரலாற்றை ஒரு குரல்நாணில் கட்டித் தொங்கவிடும் வேலை. மருத்துவ வரலாற்றுக்கு வேண்டிய செய்தி வேறு. புடைப்பைக் கண்டவரும், கருக்கியவரும், துணுக்கை ஆராய்ந்தவரும் தத்தம் அளவில் திறமையானவர்களே. மேற்பரப்பின் ஒரு துளி, அடித்தளத்தைப் பற்றி எவ்வளவு சொல்லும் என்பதற்கான அளவுகோல் அன்று இல்லை.

பெருங்குடலில் இதே வினா முற்றிலும் வேறு வடிவில் எழுந்தது. 1882இல் லண்டனில் ஹாரிசன் கிரிப்ஸ், உடன்பிறந்த இருவரின் மலக்குடலில் எண்ணற்ற பாலிப்புகள் இருந்ததைப் பதிவுசெய்தார். அதே நகரின் செயின்ட் மார்க்ஸ் மருத்துவமனையில் அறுவை மருத்துவர் லாக்ஹார்ட்-மம்மரி 1925இல் இத்தகைய மூன்று குடும்பங்களை விவரித்து, பாலிப்பும் புற்றும் அக்குடும்பங்களில் சேர்ந்தே தலைமுறை இறங்குவதைக் காட்டினார். அங்கே நோயியலராக இருந்தவர் கத்பர்ட் ட்யூக்ஸ். அவரிடம் இளம் ஆய்வக உதவியாளராகச் சேர்ந்த பஸ்ஸி, அக்குடும்பங்களின் கால்வழிப் படங்களைப் பல பத்தாண்டுகள் ஒற்றைக் கையால் வளர்த்தெடுத்தார். யாருக்குப் பிள்ளை பிறந்தது, யார் எந்த வயதில் இறந்தார், யாருடைய குடலில் எத்தனை என்று அஞ்சலட்டைகளாலும் கடிதங்களாலும் சேர்ந்த அறிவு அது. அறிவியல் வரலாறு கண்டுபிடிப்பாளர்களைக் கொண்டாடும் அளவுக்குப் பதிவேட்டுக்காரர்களைக் கொண்டாடுவதில்லை. இந்தத் துறையில் பஸ்ஸி இல்லாமல் மற்றவர்களின் வேலை நின்றிருக்காது.

குடும்ப நோயில் தெரிந்த உறவு, ஒன்றிரண்டு பாலிப்புகள் மட்டுமே உள்ள பொதுமக்களுக்கும் பொருந்துமா? பொருந்தாது என்றனர் அமெரிக்க நோயியலர் சிலர். 1958இல் ஸ்பிராட்டும் அக்கர்மனும், 1962இல் காசில்மனும் கிரிக்ஸ்டைனும், பெரும்பாலான அடினோமா பாலிப்புகள் புற்றாவதில்லை என்று வாதிட்டனர். இன்று பாடநூல்களில் இவர்கள் தோற்ற தரப்பாகவே நினைக்கப்படுகின்றனர். ஆனால் அந்த மறுப்பின் பின்னிருந்த கவலை நியாயமானது. அன்று கையிலிருந்த விறைப்பான குழாய்க்கருவி மலக்குடலிலிருந்து ஓரடி கூட எட்டாது. அதற்கு அப்பால் தெரிந்த பாலிப்பை எடுக்க வயிற்றைத் திறக்க வேண்டும். தீங்கற்ற ஒன்றுக்காக வயிற்றைத் திறந்து உயிரிழந்தவர்களையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று அவர்கள் கேட்டனர்.

இருதரப்பின் வாதமும் நகர்ந்தது இரண்டு நிகழ்வுகளால். 1969இல் நியூயார்க்கின் பெத் இஸ்ரேல் மருத்துவமனையில் ஷின்யாவும் வுல்ஃபும் வளையும் கொலனோஸ்கோப் வழியே கம்பிச் சுருக்கைச் செலுத்திப் பாலிப்பை அறுத்தெடுத்தனர். வயிற்றைத் திறக்கும் கட்டாயம் நீங்கியது. 1975இல் செயின்ட் மார்க்ஸ் பதிவேடுகளை ஆராய்ந்த மூட்டோ, பஸ்ஸி, மோர்சன் ஆகிய மூவரும் அளவைக் கொண்டு விடை தந்தனர். ஒரு சென்டிமீட்டருக்குக் குறைந்த அடினோமாக்களில் 1.3 விழுக்காட்டில்தான் புற்று இருந்தது. ஒன்றிலிருந்து இரண்டு சென்டிமீட்டர் வரை 9.5, அதற்கு மேல் 46. ஆக, மறுத்தவர்கள் பார்த்த பெரும்பான்மையும் உண்மை, வலியுறுத்தியவர்கள் பார்த்த தொடர்ச்சியும் உண்மை. பாலிப்பை எடுக்காமல் விட்டுவைத்துக் காத்திருக்கும் சோதனையை எவரும் அறநெறியோடு நடத்த இயலாது. ஆனால் கொலனோஸ்கோப்புக்கு முற்பட்ட காலத்தில் பெரிய பாலிப்புகளோடு வாழ்ந்த 226 பேரின் மாயோ கிளினிக் ஆவணங்கள் 1987இல் ஆராயப்பட்டன: இருபது ஆண்டுகளில் அதே இடத்தில் புற்று தோன்றும் வாய்ப்பு 24 விழுக்காடு. நால்வரில் மூவருக்கு ஒன்றும் ஆகவில்லை என்று படிப்பதா, ஒருவருக்கு ஆயிற்று என்று படிப்பதா என்பது இன்றும் மருத்துவரும் நோயாளியும் பேசித் தீர்க்கும் வினா.

1991இல் குடும்ப நோய்க்குக் காரணமான ஏ.பி.சி. மரபணு அடையாளம் காணப்பட்டது. குடும்பங்களில் பிறவியிலேயே பழுதாகும் அதே மரபணு, ஏனையோரின் பாலிப்புகளிலும் தொடக்கத்திலேயே பழுதாகிறது. 1925இன் குடும்பப் படங்கள் எல்லோருக்கும் பொருந்தும் உயிரியலாயின. பாலிப்புகளை அகற்றுவதால் புற்று குறைகிறது என்பதற்கு 1993இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு 1,418 பேரைத் தொடர்ந்து, ஒப்பீட்டுக் குழுவைப் பொறுத்து 76 முதல் 90 விழுக்காடு குறைவு என்றது. 2022இல் வெளியான நார்டிக் ஆய்வோ, பரிசோதனைக்கு அழைக்கப்பட்டோரிடம் பத்தாண்டுகளில் 18 விழுக்காடே குறைவு என்றது. முன்னது பாலிப் அகற்றப்பட்டவர்களைப் பழைய குழுக்களோடு ஒப்பிட்டது. பின்னது அழைப்பை ஏற்காத பாதிக்கும் மேற்பட்டோரையும் சேர்த்து எண்ணியது. இரண்டு எண்களையும் ஒரே வினாவின் விடைகளாகப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாதிடுவோர் இதனைக் கவனிப்பதில்லை.

இதற்கிடையே, தீங்கற்றது என்று ஒதுக்கப்பட்டிருந்த 'ஹைப்பர்பிளாஸ்டிக்' பாலிப் என்னும் பிரிவும் உடைந்தது. 1990களில் நோயியலர்கள் அதற்குள்ளிருந்து ரம்பப்பல் அமைப்புடைய சில வகைகளைப் பிரித்தெடுத்து, அவை வேறொரு வழியில் புற்றாகக்கூடும் என்று காட்டினர். மறுபுறம், ஸ்கேன் அறிக்கையில் அச்சுறுத்தும் பித்தப்பைப் 'பாலிப்'களில் பெரும்பாலானவை படலத்தில் சேர்ந்த கொழுப்புப் படிவுகளே. பெயரின் எல்லை ஒரு பக்கம் தளர்வாகவும் மறுபக்கம் இறுக்கமாகவும் இருந்தது.

மூக்கில் இந்தப் பிரிப்பு மேலும் தாமதமாயிற்று. பில்ரோத் 1855இல் சளிப்பாலிப்புகளின் நுண்ணமைப்பை ஆராய்ந்து அவற்றைக் கட்டிகளின் வரிசையில் வைத்தார். 1922இல் விடாலும் அவர் துணைவர்களும் ஆஸ்பிரின் ஒவ்வாமை, ஆஸ்துமா, மூக்குப் பாலிப் மூன்றும் ஒருவரிடமே கூடியிருப்பதை விவரித்தனர்; 1968இல் சாம்டரும் பியர்ஸும் எழுதிய பின்னரே அது பரவலாக அறியப்பட்டது. கட்டி என்னும் பார்வை போய், நெடுநாள் அழற்சியின் விளைவு என்னும் பார்வை வந்ததன் பயன், 2019இல் அமெரிக்காவில் மூக்குப் பாலிப்புக்கு ஒப்புதல் பெற்ற டுபிலுமாப் ஊசி. ஆனால் குழந்தையின் மூக்கில் தெரியும் 'பாலிப்' வேறு எச்சரிக்கை வேண்டுவது. அது மண்டையோட்டின் அடித்தளத்து இடைவெளி வழியே இறங்கிய மூளையுறையாகவும் மூளைத்திசுவாகவும் இருக்கலாம். ஸ்கேன் எடுக்காமல் அதில் கை வைத்தல் ஆகாது.

இந்திய மூக்குக்கு இன்னும் ஒரு கிளைக்கதை உண்டு. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மிகுதியாகக் காணப்படும் ஒரு வகைப் பாலிப், செம்புற்றுப்பழம் போல் சிவந்து, மேலே வெண்புள்ளிகளுடன், தொட்டால் இரத்தம் கசிவதாக இருக்கும். வெண்புள்ளி ஒவ்வொன்றும் ஆயிரக்கணக்கான வித்துகள் நிறைந்த பை. புவனோஸ் ஐரிஸில் கியெர்மோ சீபர் 1900இல் தம் ஆய்வேட்டில் இதனை விவரித்தார். கல்கத்தாவில் தாம் கண்டதை ஓ'கினீலி 1903இல் லண்டனில் அறிவித்தார். அந்தப் பொருளை ஆராய்ந்த மின்சினும் ஃபேந்தமும் 1905இல் 'ரைனோஸ்போரிடியம்' என்னும் பேரினப் பெயரோடு அவர் பெயரையும் சேர்த்தனர். மூக்கின் சிறுவித்து என்பது அதன் பொருள். பின்னர் முன்னுரிமை சீபருக்குச் சென்றது. ஓ'கினீலியின் பெயர் கழிந்தது, 'மூக்கு' மட்டும் தங்கியது. இமைப்படலத்திலும் கண்ணீர்ப்பையிலும் சிறுநீர்த்தாரையிலும் அதே உயிரி வளர்வதைக் கண்ட பின்னும்.

1923இல் எடின்பரோவின் ஆஷ்வொர்த் அதைப் பூஞ்சையென்று வகைப்படுத்தினார். அவ்வகைப்பாடு முக்கால் நூற்றாண்டு நின்றது. தில்லியிலிருந்து, அது நீலப்பச்சைப் பாசி என்றொரு வாதமும் எழுந்தது. 1999இல் மரபணு வரிசையைக் கொண்டு நடந்த ஆய்வில், அதன் நெருங்கிய உறவினர் மீன்களைத் தாக்கும் ஒட்டுண்ணிகள் என்று தெரிந்தது. அவ்வாய்வில் பங்கேற்றவர்களுள் ஒருவர் இலங்கையின் அர்செகுலரத்ன. நீரோடு அதற்குள்ள உறவை அறிய மரபணு வரும்வரை காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. 1933லேயே நொரோனா, புனேயில் மணல் எடுக்கும் தொழிலாளரிடையே இந்நோய் மிகுந்திருப்பதைத் தனியே எழுதினார். ஒரு தொழிலின் பெயரைத் தலைப்பிலேயே தாங்கிய அந்தச் சிறுகுறிப்பு, நுண்ணோக்கியில் வகைப்பாட்டைத் தேடிய நீண்ட கட்டுரைகளைவிடக் குறைவாகவே நினைக்கப்படுகிறது.

அந்த உயிரியை இதுவரை எந்த ஆய்வகமும் தூய வளர்ப்பாக வளர்த்ததில்லை. ஆகவே அதற்கெனத் திட்டமிட்டுத் தேர்ந்த மருந்தும் இல்லை; தொழுநோய்க்குரிய டாப்சோன் 1979இல் சோதிக்கப்பட்டு, மீண்டும் வளர்வதைத் தடுக்கத் துணைமருந்தாக இன்றும் தரப்படுகிறது. முதன்மைச் சிகிச்சை, சதையை அடியோடு வெட்டி, அடியைச் சுடுவது. குளத்திலும் ஆற்றிலும் இறங்காமல் பிழைப்பு நடத்த இயலாதவர்கள் அதே தண்ணீருக்குத் திரும்புகின்றனர்; சிலர் அதே சிகிச்சைக்கு இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் வருகின்றனர்.